ஆறு சல்லடை மோட்டாருக்கு ஒரே விஎஃப்டி போடலாமா? (சேகோ ஆலை, ஆத்தூர்)

ஆத்தூர்_சேகோ:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை. அரவையிலிருந்து வர்ற கிழங்குப் பாலை வடிக்க ஆறு சல்லடை ஓடுது. ஒவ்வொண்ணுக்கும் 2 ஹெச்.பி. மோட்டார், 4 போல், 415 வோல்ட், ஸ்டார் கனெக்ஷன், நேம் பிளேட்டில் 3.5 ஆம்ப்ஸ். பெல்ட் வழியா எக்சென்ட்ரிக் ஷாஃப்டைச் சுத்தி சல்லடையை ஆட்டுது. ஆறும் தனித்தனி டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் (மோட்டாரை நேரா சப்ளையில் சேர்க்கிறது) இருக்கு, ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலேயே கெப்பாசிட்டர்.

ரெண்டு பிரச்சினை. ஸ்டார்ட் ஆகும்போது வர்ற உதறலில் பெல்ட்டும் சல்லடைத் தாங்கு பட்டையும் சீக்கிரம் போகுது. இன்னொண்ணு, கிழங்கு மாறினா, தண்ணி அளவு மாறினா ஆட்டத்தையும் மாத்தணும். வேகம் கூடிப்போனா திப்பியோட (கிழங்குச் சக்கை) பாலும் சேர்ந்து வெளியே போயிடுது. குறைஞ்சா சல்லடை அடைச்சுக்குது. ஆறையும் ஒரே வேகத்தில், 35 முதல் 50 ஹெர்ட்ஸுக்குள்ளே ஓட்டினா போதும்.

கேள்வி இதுதான். ஆறு தனி டிரைவுக்கு (ஹெர்ட்ஸை மாத்தி மோட்டார் வேகத்தை மாத்துற விஎஃப்டி) பதிலா ஒரே டிரைவ் போட்டு ஆறு மோட்டாரையும் அதில் பேரலலா கொடுக்கலாமா? 6 × 2 = 12 ஹெச்.பி., அதனால 15 ஹெச்.பி. டிரைவ் போதும்னு ஒருத்தர் சொல்றார். பேனல் ரூமிலிருந்து கிட்ட இருக்கிற சல்லடை 12 மீட்டர், கடைசி சல்லடை 40 மீட்டர். ரெண்டு மோட்டார் ஏற்கனவே மறுபடி காயில் கட்டினது (ரீவைண்டிங்).


குகை_பேனல்:

கொடுக்கலாம்ங்க. ஆறும் ஒரே ஹெச்.பி., ஒரே வோல்டேஜ், ஒரே வேகம், சேர்ந்தே ஓடி சேர்ந்தே நிக்கிற லோடு. ஒரு டிரைவில் பல மோட்டார் போட இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஆனா ஹெச்.பி.யைக் கூட்டி டிரைவ் வாங்காதீங்க, ஆம்ப்ஸைக் கூட்டுங்க.

6 × 3.5 = 21 ஆம்ப்ஸ். இதுக்கு மேலே 15 முதல் 20 சதவீதம் வெச்சா 24 – 25 ஆம்ப்ஸ் வருது. டிரைவ் ஸ்டிக்கரில் பெரும்பாலும் ரெண்டு ரேட்டிங் இருக்கும். நார்மல் டியூட்டின்னா ஃபேன், பம்ப் மாதிரி லோடுக்கு, ஒரு நிமிஷத்துக்கு 110 – 120 சதவீதம்தான் தாங்கும். ஹெவி டியூட்டின்னா ஒரு நிமிஷத்துக்கு 150 சதவீதம் தாங்கும். நார்மல் டியூட்டியில் 15 ஹெச்.பி.ன்னு விக்கிற டிரைவ் ஹெவி டியூட்டியில் 10 ஹெச்.பி.தான், அதாவது 17 – 18 ஆம்ப்ஸ். சல்லடை மாதிரி உதறுற லோடுக்கு அது பத்தாது. கடையில் "15 ஹெச்.பி. கொடுங்க"ன்னு கேட்டா இதுதான் கைக்கு வரும். "ஹெவி டியூட்டியில் அவுட்புட் எத்தனை ஆம்ப்ஸ்?"னு கேளுங்க. 25 ஆம்ப்ஸ் குறைந்தபட்சம். என் கணக்கில் ஹெவி டியூட்டியில் 30 – 32 ஆம்ப்ஸ் வர்ற 15 கிலோவாட் டிரைவ் (20 ஹெச்.பி.) போடுங்க. காரணம் கீழே வருது.

இப்போ முக்கியமான விஷயம். இதை விட்டுட்டுப் பண்ணின பேனல்தான் மோட்டாரை எரிக்குது. டிரைவுக்குத் தெரியுறது மொத்தக் கரன்ட் மட்டும். உங்க சல்லடை ஓட்டத்தில் ஒவ்வொரு மோட்டாரும் சுமார் 2.6 ஆம்ப்ஸ் எடுக்குதுன்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 15.6. ஒரு சல்லடையில் பேரிங் பிடிச்சு அந்த மோட்டார் மட்டும் 7 ஆம்ப்ஸ் எடுக்குது. மத்த அஞ்சும் 13, கூட்டினா 20. டிரைவில் நீங்க செட் பண்ணினது 21. டிரைவைப் பொறுத்தவரை எல்லாம் சரி, அந்த மோட்டார் ரெட்டை கரன்ட்டில் வெந்துக்கிட்டிருக்கும். ஒரு மோட்டாருக்கு மட்டும் ஒரு ஃபேஸ் லக் கழண்டாலும் இதே கதைதான். டிரைவில் இருக்கிற அவுட்புட் ஃபேஸ் லாஸ் ஃபங்ஷன் ஆறில் ஒண்ணோட ஒரு ஃபேஸைக் கண்டுபிடிக்காது.

அதனால ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனி தெர்மல் ஓவர்லோடு ரிலே கட்டாயம். 2.5 – 4 ஆம்ப்ஸ் ரேஞ்சு, பைமெட்டல் வகை, சிங்கிள் ஃபேஸிங் (ஒரு ஃபேஸ் போறது) பாதுகாப்பு உள்ளது. எலக்ட்ரானிக் ரிலே வாங்கினா டிரைவ் அவுட்புட்டில், மாறுற ஹெர்ட்ஸில் வேலை செய்யும்னு அதோட கேட்டலாக்கில் எழுதியிருக்கணும். பல மாடல் 50/60 ஹெர்ட்ஸுக்கு மட்டும்தான். எம்.பி.சி.பி.யும் (மோட்டார் பாதுகாப்பு பிரேக்கர்) போடலாம், கிளைக் கேபிளுக்கும் அதுவே பாதுகாப்பாகும். இது ஏன் வேணும்னா, 32 ஆம்ப்ஸ் டிரைவிலிருந்து 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) கேபிள் போகுது. அந்தக் கேபிளில் 20 ஆம்ப்ஸ் ஓடினாலும் டிரைவ் கவலைப்படாது.

ஆறு ரிலேயோட 95-96 காண்டாக்டையும் (ட்ரிப் ஆனா பிரியும்) சீரியஸா கோத்து டிரைவோட எக்ஸ்டர்னல் ஃபால்ட் இன்புட்டுக்குக் கொண்டுபோங்க. எது ட்ரிப் ஆனாலும் டிரைவ் நிக்கும். 97-98ஐ (ட்ரிப் ஆனா சேரும்) ஆறு சின்ன இண்டிகேட்டர் லேம்புக்குக் கொடுங்க, இல்லேன்னா எந்த மோட்டார்னு ஒவ்வொரு ரிலேயா குனிஞ்சு பார்த்துக்கிட்டிருக்கணும். சல்லடை நின்னதும் பால் பம்பும் கிழங்கு அரைக்கிற ராஸ்பரும் நிக்கிற மாதிரி டிரைவோட ஃபால்ட் ரிலேயில் இன்டர்லாக் கொடுங்க. நின்ன சல்லடை மேலே பால் கொட்டினா தரையெல்லாம் மாவுதான்.

"ஒண்ணு ட்ரிப் ஆனா அது மட்டும் விலகட்டும், மத்த அஞ்சு ஓடட்டும்"னா ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு கான்டாக்டர் சேரும். ஓடுற டிரைவிலிருந்து ஒரு மோட்டாரைக் கழட்டி விடுறது பரவாயில்லை, அவசரத்துக்குச் செய்யலாம். ஆனா டிரைவ் ஓடிக்கிட்டிருக்கும்போது நின்ன மோட்டாரை மறுபடி சேர்க்கக் கூடாது. அந்த மோட்டாருக்கு அது டி.ஓ.எல். ஸ்டார்ட்தான், ஆறு மடங்கு இழுக்கும். கணக்கு: அஞ்சு மோட்டார் 17.5, ஆறாவது 3.5 × 6 = 21, மொத்தம் 38.5 ஆம்ப்ஸ். 25 ஆம்ப்ஸ் டிரைவோட 150 சதவீதம் 37.5. ஓவர்கரன்ட் அடிச்சு ஆறும் நின்னுடும். 32 ஆம்ப்ஸ் டிரைவுன்னா 48 வரை இடம் இருக்கு. மேலே 15 கிலோவாட் சொன்னதுக்கு இதுதான் காரணம். அப்படியும் கான்டாக்டர் கன்ட்ரோலை "டிரைவ் நின்னிருந்தால்தான் உள்ளே இழுக்கும்"னு டிரைவோட ரன் ரிலே வழியா வயர் பண்ணிடுங்க. யாரோ ஒருத்தர் பட்டனை அழுத்தத்தான் போறாங்க.

கெப்பாசிட்டர் ஆறையும் கழட்டி எடுத்துடுங்க. டிரைவ் அவுட்புட்டில் கெப்பாசிட்டர் இருந்தா ஒவ்வொரு பல்ஸுக்கும் ஷார்ட் சர்க்யூட் மாதிரி கரன்ட் இழுக்கும். ஒண்ணு டிரைவ் உடனே ட்ரிப் ஆகும், இல்லேன்னா டிரைவுக்குள்ளே இருக்கிற ஐ.ஜி.பி.டி. (பவர் சுவிட்ச்) போகும். பவர் ஃபேக்டர் குறையுமேன்னு பயப்பட வேண்டாம், டிரைவோட இன்புட் பக்கம் ஆறு டி.ஓ.எல்.லைவிட நல்லாவே இருக்கும். இன்புட்டில் 3 சதவீத லைன் சோக் போடுங்க (டிரைவுக்குள்ளேயே டி.சி. சோக் இருந்தா தேவையில்லை). ஆலையில் ஆட்டோமேட்டிக் கெப்பாசிட்டர் பேனல் இருந்தா அதுக்கு 7 சதவீத டீட்யூன்டு ரியாக்டர் இருக்கான்னு பாருங்க. டிரைவ் கூடக்கூட ரியாக்டர் இல்லாத கெப்பாசிட்டர் உப்பிடும்.


சுருள்கம்பி:

பேனல்காரர் சொன்னது முழுக்கச் சரி. கேபிளும் வைண்டிங்கும் பத்தி நான் சேர்க்கிறேன்.

டிரைவ் மேனுவலில் "அதிகபட்ச மோட்டார் கேபிள் நீளம்"னு ஒரு அளவு இருக்கும். பல மோட்டார் போட்டா அது எல்லாக் கேபிளோட கூட்டுத்தொகை. உங்க 12, 40 மீட்டருக்கு நடுவே சராசரி 25ன்னு வெச்சா 6 × 25 = 150 மீட்டர். ஒரு மோட்டார் 40 மீட்டரில்தானே இருக்குன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. கேபிள் நீளம் கூடக்கூட ஒவ்வொரு பல்ஸுக்கும் கேபிளோட கெப்பாசிட்டன்ஸ் சார்ஜ் ஆகிற கரன்ட் கூடும். டிரைவ் சும்மாவே சூடாகும், எர்த் லீக்கேஜ் ஏறும், ஓவர்லோடு ரிலே காரணமில்லாம ட்ரிப் ஆகும்.

வழி இருக்கு. பேனலிலிருந்து சல்லடை வரிசைக்கு நடு வரை ஒரே 4 கோர் 6 ஸ்கொயர் கேபிள் இழுங்க, ஷீல்டு அல்லது ஆர்மர்டு. அங்கே ஒரு ஐ.பி. 65 பாலிகார்பனேட் பெட்டியில் ஆறு எம்.பி.சி.பி.யோ ரிலேயோ வெச்சு, அதிலிருந்து ஒவ்வொரு மோட்டாருக்கும் 1.5 அல்லது 2.5 ஸ்கொயரில் சின்னக் கிளை. மெயின் 26 மீட்டர், கிளைகள் நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 50 மீட்டர். மொத்தம் பாதியாயிடுச்சு, காசும் மிச்சம். கன்ட்ரோலுக்கு வேற கேபிள் போடுங்க, பவர் கேபிளோட ஒரே பைப்பில் விடாதீங்க. ஒரே பைப்பில் விட்டா இண்டிகேட்டர் லேம்ப் லேசா மினுக்கும், எக்ஸ்டர்னல் ஃபால்ட் தானா வரும்.

டிரைவ் அவுட்புட்டில் 3 சதவீத ரியாக்டர், 32 ஆம்ப்ஸ், டிரைவுக்குப் பக்கத்திலேயே. இது ஆடம்பரம் இல்லைங்க. 415 வோல்ட்டை ரெக்டிஃபை பண்ணினா டி.சி. பஸ் 587 வோல்ட். நீளமான கேபிள் முனையில் பல்ஸ் எதிரொலிச்சு மோட்டார் டெர்மினலில் அது ரெட்டிப்பாகி 1,150 – 1,200 வோல்ட் வரை உச்சம் தொடும். அந்த அடி முழுக்க வைண்டிங்கில் சமமா இறங்காது, லைன் பக்கத்து முதல் சில சுத்துகள் மேலேயே விழும். சாதாரண எனாமல் கம்பியில் கட்டி, ஒரே தடவை வார்னிஷ் ஊத்தின மோட்டாரில் அங்கேதான் டர்ன் ஷார்ட் வரும். பிரிச்சுப் பார்த்தா காயில் முழுக்கப் பளபளன்னு இருக்கும், லீடு ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் ஒரு கருப்புப் புள்ளி. டி.ஓ.எல்.லில் ஓவர்லோடில் எரிஞ்சா மூணு ஃபேஸும் சேர்ந்து கருகும். எரிஞ்ச காயிலைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிடலாம்.

ஏற்கனவே காயில் கட்டின ரெண்டையும் டிரைவுக்குப் போறதுக்கு முன்னாடி சோதிங்க:

பெல்ட்டைக் கழட்டிட்டு ஆறு மோட்டாரையும் பழைய டி.ஓ.எல்.லிலேயே சும்மா ஓட்டி, கெப்பாசிட்டருக்கு அப்புறம் மோட்டார் பக்கம் டாங் டெஸ்டரில் (கிளாம்ப் மீட்டர்) மூணு ஃபேஸ் கரன்ட்டும் எழுதுங்க. ஒரே மாடல் மோட்டார்னா 10 சதவீதத்துக்குள்ளே ஒத்துப்போகணும். காயில் கட்டினது மட்டும் தூக்கலா இருந்தா சுத்து குறைவாப் போட்டிருக்காங்க, டிரைவில் இன்னும் சூடாகும். மத்த அஞ்சோட சேர்த்து ஒரே வோல்டேஜில் ஓட்டும்போது அதுக்கு மட்டும் தனியாக் குறைச்சுக் கொடுக்க முடியாது.

அப்புறம் மெகர் (இன்சுலேஷன் சோதனை). 500 வோல்ட், காயில் – பாடி. 5 மெகா ஓமுக்குக் கீழே இருந்தா காயவெச்சு மறுபடி பாருங்க. சேகோ ஆலையில் புளிச்ச தண்ணி ஆவி டெர்மினல் பெட்டிக்குள்ளே போய்ப் பச்சைக் களிம்பு பிடிக்கும். அதைத் தொடைச்சு, கிளாண்டை மாத்தினாலே பாதி மோட்டாரில் ரீடிங் ஏறிடும். மெகர் அடிக்கும்போது டிரைவ் பக்கத்து வயரை யு, வி, டபிள்யுவிலிருந்து கழட்டியே ஆகணும். டிரைவோட சேர்த்து மெகர் அடிச்சா ஐ.ஜி.பி.டி. போயிடும்.

இனிமே கட்டுற மோட்டாருக்கு டூயல் கோட் இன்வெர்ட்டர் கிரேடு கம்பி, எண்ட் வைண்டிங்கில் ஃபேஸுக்கு ஃபேஸ் பேப்பர், ரெண்டு தடவை வார்னிஷ், ரெண்டு தடவையும் ஓவனில் வேகவெச்சு. கட்டும்போதே மூணு ஃபேஸுக்கும் ஒவ்வொரு தெர்மிஸ்டர் (சூட்டை உணர்ற சென்சார்) புதைச்சு, லீடை வெளியே எடுக்கச் சொல்லுங்க. கிளாஸ் பி வைண்டிங்குக்கு 120 – 130 டிகிரி பி.டி.சி. ஒரு தெர்மிஸ்டர் ரிலேயில் வழக்கமா ஆறு சென்சார் வரை சீரியஸில் போடலாம், அதாவது ரெண்டு மோட்டாருக்கு ஒரு ரிலே. ஃபேன் அடைச்சு, மேலே மாவு படிஞ்சு மோட்டார் சூடாகுதுன்னா கரன்ட் ஏறாது. ஓவர்லோடு ரிலேக்கு அது தெரியாது, தெர்மிஸ்டருக்குத்தான் தெரியும்.


ஏற்காடு_காப்பி:

இந்தத் திரியிலேயே ஒரு உபகேள்வி, தப்பா நினைக்காதீங்க. இங்கே எஸ்டேட்டில் காப்பிப் பழத்தோல் உரிக்கிற பல்பர் 5 ஹெச்.பி., வாஷர் 3 ஹெச்.பி., எலிவேட்டர் 1 ஹெச்.பி. மூணையும் இதே மாதிரி ஒரே டிரைவில் போடலாமா? மலைமேலே வேற ஏதாவது கவனிக்கணுமா?


குகை_பேனல்:

உங்க மூணையும் ஒரே டிரைவில் போடாதீங்க சார். ரெண்டு காரணம். வேகத்தை மாத்த வேண்டிய தேவை மூணுக்கும் ஒண்ணு இல்லை. பழத்தோட சைஸுக்குப் பல்பரைக் குறைச்சா எலிவேட்டரும் குறையும், பழம் வர்றது பத்தாது. ரெண்டாவது, சின்ன மோட்டாரில் ஸ்டேட்டர் ரெசிஸ்டன்ஸ் பெரிய மோட்டாரைவிட விகிதத்தில் அதிகம். 5 ஹெர்ட்ஸில் 1 ஹெச்.பி. கிளம்ப அதிக டார்க் பூஸ்ட் (கிளம்பும்போது கூடுதல் வோல்டேஜ்) வேணும். அதே பூஸ்ட் 5 ஹெச்.பி.க்குப் போனா இரும்பு சேச்சுரேட் ஆகி வெட்டியா கரன்ட் இழுக்கும். எலிவேட்டர் பக்கெட்டில் சரக்கோட ஸ்டார்ட் பண்ணினா கண்டிப்பா திணறும். பல்பருக்கு மட்டும் டிரைவ், மத்த ரெண்டுக்கும் டி.ஓ.எல். அதுவே போதும்.

மலை விஷயம்: டிரைவ் ரேட்டிங் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். அதுக்கு மேலே காற்று லேசாயிடும், ஹீட் சிங்க் சூட்டை இறக்க முடியாது. பொதுவா 100 மீட்டருக்கு 1 சதவீதம் குறைக்கணும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், ஆக 5 சதவீதம். 5 ஹெச்.பி. பல்பருக்கு நேம் பிளேட் 7.5 – 8 ஆம்ப்ஸ் இருக்கும். 9 ஆம்ப்ஸ் டிரைவ் அங்கே 8.5தான், அதனால ஒரு சைஸ் மேலே போங்க. சூட்டைவிட உங்களுக்குப் பெரிய எதிரி பனி. ராத்திரி பேனலுக்குள்ளே ஈரம் கோத்து, காலையில் ஆன் பண்ணும்போது போர்டில் தீப்பொறி வரும். பேனலில் 40 – 60 வாட் ஸ்பேஸ் ஹீட்டர், டிரைவ் ஆஃப் ஆனா ஹீட்டர் ஆன் ஆகிற மாதிரி. இன்புட்டில் டைப் 2 சர்ஜ் அரெஸ்டர், அதுக்கு ஒழுங்கான எர்த். சேர்வராயன் மலையில் கோடை மழை இடியோடதான் வருது, இதை மிச்சம் பிடிக்காதீங்க.

ஆத்தூர் தம்பிக்கு பாராமீட்டர் சொல்லலை, இதோ. நம்பர் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற, பேரைப் பார்த்துத் தேடுங்க.

கன்ட்ரோல் மோடு வி/எஃப் (ஹெர்ட்ஸோட விகிதத்தில் வோல்டேஜ்). வெக்டார் வேண்டவே வேண்டாம். வெக்டார் மோடு ஒரு மோட்டாரோட ரெசிஸ்டன்ஸையும் இண்டக்டன்ஸையும் அளந்து வெச்சு ஓட்டுற முறை. ஆறு மோட்டாரை ஒண்ணுன்னு நம்பி அளந்தா அந்தக் கணக்கு எந்த மோட்டாருக்கும் பொருந்தாது, ஒண்ணு ஜாம் ஆனா எல்லாம் ஆடும். ஆட்டோ ட்யூனிங் செய்யாதீங்க. ஸ்லிப் காம்பன்சேஷன் பூஜ்யம். ஆட்டோ டார்க் பூஸ்ட், எனர்ஜி சேவிங் ரெண்டும் ஆஃப். டார்க் பூஸ்ட்டை மேனுவலா 2 சதவீதத்தில் ஆரம்பிங்க. எல்லாச் சல்லடையும் ஈரத் திப்பியோட கிளம்புதான்னு பாருங்க, கிளம்பலேன்னா 3, 4. அதுக்கு மேலே தேவைப்பட்டா பெல்ட் டென்ஷனையும் பேரிங்கையும் பாருங்க, பூஸ்ட்டை ஏத்தாதீங்க.

பேஸ் ஃப்ரீக்வென்சி 50, வோல்டேஜ் 415, அதிகபட்சம் 50, குறைந்தபட்சம் 30. 50ஐத் தாண்ட விடாதீங்க. எக்சென்ட்ரிக் லோடில் ஆட்டுற விசை வேகத்தோட வர்க்கத்தில் ஏறும். 55 ஹெர்ட்ஸில் 21 சதவீதம் கூடுதல் அடி சட்டத்து மேலே விழும், அதே நேரம் வோல்டேஜ் 415லேயே நின்னுடுறதால மோட்டாரோட டார்க் இறங்கும். கீழே 30க்குக் குறைச்சா மோட்டாரோட சொந்த ஃபேன் காத்து பத்தாது.

மோட்டார் ரேட்டட் கரன்ட் 21. கேரியர் ஃப்ரீக்வென்சி (டிரைவ் பல்ஸ் விடுற வேகம்) 2 – 3 கிலோஹெர்ட்ஸ். மோட்டார் கீச்சுன்னு சத்தம் போடும், ராஸ்பர் சத்தத்தில் அது காதிலேயே விழாது. கேரியர் குறைஞ்சா கேபிள் லீக்கேஜும் குறையும், டிரைவ் சூடும் குறையும், வைண்டிங்குக்கு விழுற அடியோட எண்ணிக்கையும் குறையும்.

ஏறுற நேரம் 6 – 8 வினாடி. பெல்ட்டைக் காப்பாத்தறேன்னு 30 வினாடி வைக்காதீங்க. சல்லடைச் சட்டத்துக்குன்னு ஒரு ரெசனன்ஸ் வேகம் இருக்கும். அதைச் சட்டுனு தாண்டணும், மெதுவாப் போனா அந்த இடத்திலேயே நின்னு குலுக்கிச் சட்டத்தைப் பிளக்கும். நிறுத்தும்போதும் ராம்ப் ஸ்டாப், 8 வினாடி. சும்மா விட்டா சல்லடை தானா இறங்கும்போது ரெசனன்ஸில் நெடுநேரம் ஆடும். ராம்ப்பில் ஓவர்வோல்டேஜ் வந்தா 12 வினாடியாக்குங்க, பிரேக் ரெசிஸ்டர் தேவைப்படாது. முதல் ஓட்டத்தில் 1 ஹெர்ட்ஸ் 1 ஹெர்ட்ஸா ஏத்தி 30 – 50க்குள்ளே எந்த இடத்தில் சட்டம் அதிகமா உதறுதுன்னு குறிச்சு, அதுக்கு மேலும் கீழும் 1 ஹெர்ட்ஸ் ஸ்கிப் ஃப்ரீக்வென்சியில் போடுங்க.

ஃப்ளையிங் ஸ்டார்ட் ஆஃப். கரன்ட் போய் வந்ததும் சுத்திக்கிட்டிருக்கிற மோட்டாரோட வேகத்தைத் தேடிப் பிடிக்கிற ஃபங்ஷன் அது. ஆறும் ஆறு வேகத்தில் இறங்கிக்கிட்டிருக்கும்போது எதைப் பிடிக்கும்? ஆட்டோ ரீஸ்டார்ட்டும் ஆஃப். சல்லடையில் கையை விட்டுத் திப்பி வழிக்கிற ஆள் இருக்காங்க. கரன்ட் வந்ததும் தானா கிளம்புற மெஷின் அங்கே இருக்கவே கூடாது. பட்டனை அழுத்தினால்தான் ஓடணும், மூணு வயர் கன்ட்ரோல்.

ஒவ்வொரு சல்லடைக்கும் பக்கத்தில் ஒரு ஐசொலேட்டர், முன்கூட்டியே பிரியிற ஆக்சிலரி காண்டாக்டோட. அந்தக் காண்டாக்டையும் 95-96 வரிசையிலேயே சேருங்க. வேலைக்காரர் ஐசொலேட்டரைத் திருப்பினா முதல்ல டிரைவ் அடங்கும், அப்புறம் மெயின் காண்டாக்ட் பிரியும். இந்த வரிசை ட்ரிப் ஆனா டிரைவ் ராம்ப்பில் இறங்கக் கூடாது, உடனே அவுட்புட்டை வெட்டணும், எக்ஸ்டர்னல் ஃபால்ட்டை அப்படி செட் பண்ணுங்க. டிரைவோட டெர்மினலைத் தொடுறதுக்கு முன்னாடி மெயின் ஆஃப் பண்ணி 10 நிமிஷம் விட்டு, டி.சி. பஸ்ஸை மீட்டரில் பார்த்துட்டுத் தொடுங்க.


மேட்டூர்_ரோடு_ஆட்டோமேஷன்:

மேலே ரெண்டு பேரும் சொன்ன தொழில்நுட்பத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனாலும் ஆறு தனி டிரைவையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கன்னுதான் சொல்வேன். 2 ஹெச்.பி. டிரைவ் ஒவ்வொண்ணும் தன் மோட்டாரைத் தானே காக்கும், ஓவர்லோடு ரிலே வேண்டாம், ஃபேஸ் லாஸ் கண்டுபிடிக்கும். ஒரே பொட்டன்ஷியோமீட்டர் சிக்னலையோ மாட்பஸ் வயரையோ ஆறுக்கும் கொடுத்தா ஆறும் ஒரே வேகத்தில் போகும். ஒண்ணு போனா அஞ்சு ஓடும், ஸ்பேரா ஒண்ணு அலமாரியில் வெச்சா அரை மணி நேரத்தில் மாத்திடலாம். பெரிய டிரைவ் ஒண்ணு போனா அன்னிக்கு அரவையே இல்லை. கிழங்கு ஏத்தின லாரி வாசலில் நிக்கும், வெட்டின கிழங்கு காத்திருக்காது. முதல் சல்லடைக்கும் கடைசிச் சல்லடைக்கும் வேற வேகம் வேணும்னு பின்னாடி தோணினாலும் தனி டிரைவுதான் வழி. நெருக்கமா ஆறு டிரைவ் வெச்சா பேனல் காத்தோட்டம் மட்டும் பெருசா வேணும். மாவுத் தூசி படாத ரூமில் ஃபில்டர் ஃபேன், வாரம் ஒரு தடவை ஃபில்டர் தட்டணும்.


ஆத்தூர்_சேகோ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இடமும் காசும் பார்த்தா ஒரே டிரைவுதான் தோதுப்படும். டாங் டெஸ்டரில் பார்த்தேன், ஓட்டத்தில் அஞ்சு மோட்டார் 2.4 – 2.7, காயில் கட்டினதில் ஒண்ணு மட்டும் 3.3. கடைசி அண்ணன் சொன்னது யோசிக்க வைக்குது. டிரைவ் போனா அரவை நிக்கக் கூடாது. பழைய மாதிரி நேரடியா ஓட்ட பைபாஸ் வைக்கலாமா?


சுருள்கம்பி:

அந்த 3.3 மோட்டாரை முதல்ல கவனிங்க தம்பி. பெல்ட்டைக் கழட்டிச் சும்மா ஓட்டியும் மத்ததைவிடத் தூக்கலா இருந்தா வைண்டிங்தான். சும்மா ஓட்டும்போது ஒத்துப்போய் லோடில் மட்டும் ஏறினா அந்தச் சல்லடையோட பேரிங், பெல்ட். வைண்டிங்னா டிரைவ் மாட்டுறதுக்கு முன்னாடியே மறுபடி கட்டிடுங்க.


குகை_பேனல்:

பைபாஸ் தாராளமா வைக்கலாம். 63 ஆம்ப்ஸ் லோடு சேஞ்ச்ஓவர் சுவிட்ச், 1 – 0 – 2, நடுவில் நிஜமான பூஜ்யம் உள்ளது. ஒரு பக்கம் டிரைவ் அவுட்புட், ஒரு பக்கம் நேர் சப்ளை. ரெண்டு கான்டாக்டரில் செய்றதா இருந்தா எலக்ட்ரிக்கல் இன்டர்லாக் மட்டும் போதாது, மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் வேணும். டிரைவோட யு, வி, டபிள்யுவுக்கு ஒரு நொடி மெயின் சப்ளை பின்னாலிருந்து போனாலும் டிரைவ் முடிஞ்சது. சேஞ்ச்ஓவரை டிரைவ் ஓடும்போது திருப்பக் கூடாது, அதிலும் ஆக்சிலரி காண்டாக்ட் எடுத்து எக்ஸ்டர்னல் ஃபால்ட்டில் சேருங்க. நேர் சப்ளை பக்கத்துக்குத் தனி எம்.சி.சி.பி. அல்லது ஃபியூஸ்.

நேர் சப்ளையில் ஆறையும் ஒரே பட்டனில் விட்டா 21 × 6 = 126 ஆம்ப்ஸ் ஒரே நேரத்தில் இழுக்கும். அதனால ஒவ்வொரு மோட்டாருக்கும் கான்டாக்டர் வெச்சு, டைமரில் 3 வினாடி இடைவெளியில் ஒண்ணொண்ணா உள்ளே விடுங்க. டிரைவ் பக்கம் இருக்கும்போது ஆறு கான்டாக்டரும் முதல்லயே உள்ளே இழுத்து நின்னு, அப்புறம்தான் டிரைவுக்கு ரன் போகணும். ஒரே செலக்டர் ஆக்சிலரியில் இந்த ரெண்டு வரிசையையும் பிரிச்சிடலாம். ஓவர்லோடு ரிலே ஆறும் ரெண்டு வழிக்கும் பொதுவா இருக்கிற இடத்தில், அதாவது சேஞ்ச்ஓவருக்கு அப்புறம் வரணும். பைபாஸில் ஓடும்போது எக்ஸ்டர்னல் ஃபால்ட்டால பிரயோஜனம் இல்லை, அதனால ஒவ்வொரு ரிலேயோட 95-96ம் அதோட கான்டாக்டர் காயிலை நேரா வெட்டணும். ஒரே 95-96ஐ டிரைவ் வரிசைக்கும் காயிலுக்கும் சேர்த்து எடுக்க முடியாது. கன்ட்ரோல் வோல்டேஜ் வேற வேற. 97-98ல் ஒரு 24 வோல்ட் ரிலே வெச்சு டிரைவ் பக்கத்துக்கும் லேம்புக்கும் அதிலிருந்து எடுங்க.

கடைசியா ரொட்டேஷன். டிரைவ் அவுட்புட்டோட ஃபேஸ் வரிசைக்கும் மெயின் சப்ளை வரிசைக்கும் சம்பந்தமே கிடையாது. முதல்ல டிரைவில் குறைந்தபட்ச ஹெர்ட்ஸைத் தற்காலிகமா இறக்கி, 10 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு மோட்டாரா விட்டு எக்சென்ட்ரிக் அம்புக்குறிப்படி சுத்துதான்னு பாருங்க. ஏதாவது ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம் சுத்தினா அந்த மோட்டார் டெர்மினலில் ரெண்டு வயரை மாத்துங்க. ஆறும் சரியானதும் பைபாஸில் ஒண்ணை விட்டுப் பாருங்க. எதிரா சுத்தினா சேஞ்ச்ஓவரோட மெயின் சப்ளை பக்கத்தில் மட்டும் ரெண்டு ஃபேஸ் மாத்துங்க, மோட்டார் பக்கம் தொடாதீங்க.